புது வண்டி வாங்கப் போகும் வணிகர் கவனத்திற்கு

துவரம் பருப்பில் மூட்டைக்கு இருபது ரூபாய் குறையுமா என்று மூன்று மண்டிக்குப் போன் போட்டு விசாரிக்கும் நம் வணிகர்கள், ஆறு லட்சம், ஏழு லட்சம் கொடுத்துச் சரக்கு வண்டி வாங்கப் போகும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை. குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை, கழுத்தில் அட்டை தொங்கும் தம்பி, கேட்காமலே வரும் காபி. இவற்றைப் பார்த்ததும் நமக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. அச்சடித்த விலைப் பட்டியலில் எப்படிப் பேரம் பேசுவது என்று நினைக்கிறோம். நம் கடைச் சரக்கிலும் எம்.ஆர்.பி. அச்சடித்துத்தான் வருகிறது. அதற்குக் கீழே நாம் விற்பதில்லையா?

பேரம் பேசி முப்பதாயிரம் ரூபாய் குறைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். சீனி, எண்ணெய் போன்ற சரக்கில் நூற்றுக்கு மூன்று ரூபாய் நின்றாலே பெரிது. அந்த முப்பதாயிரத்தைக் கடையில் சம்பாதிக்கப் பத்து லட்ச ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். ஒரு நடுத்தரப் பலசரக்குக் கடைக்கு அது எத்தனை மாத வியாபாரம் என்பதை அவரவர் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நாம் மண்டி நடத்தத் தொடங்கிய காலத்தில் சில்லறைக் கடைக்குச் சரக்கு போவது மாட்டு வண்டியிலும் கை வண்டியிலும்தான். சொந்த வண்டி என்பது பெரிய மண்டிக்காரர்களின் காரியம். 2005இல் டாடா ஏஸ் வந்த பிறகு நிலைமை மாறியது. குட்டி யானை என்று மக்களே பெயர் வைத்துவிட்டார்கள். அதன் பின்னால் 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த், 2015இல் மகிந்திராவின் ஜீத்தோ, 2016இல் மாருதியின் சூப்பர் கேரி என்று வரிசையாக வந்துவிட்டன. மூன்று சக்கர வண்டிகள் தனி. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் வேண்டியதில்லை என்பதால் சிறு வணிகரும் துணிந்து வாங்குகிறார். நாலைந்து கம்பெனி போட்டி போடும் சந்தையில் வாங்குபவர் கைதான் ஓங்க வேண்டும். ஓங்கவில்லை என்றால் காரணம் நம்மிடம்தான் இருக்கிறது.

ஷோரூம்காரரும் நம்மைப் போல ஒரு வியாபாரி

முதலில் எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஷோரூம் நடத்துபவர் கம்பெனி அல்ல. அவரும் கம்பெனியிடம் சரக்கு எடுத்து விற்கும் ஸ்டாக்கிஸ்ட்தான். பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வண்டிகளை எடுத்து நிறுத்தியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. இரண்டு மாதமாக வெயிலில் நிற்கும் வண்டி அவருக்கு நம் கிடங்கில் வண்டு விழத் தொடங்கிய பயறு மூட்டை மாதிரி. போன விலைக்குத் தள்ளிவிட்டால் போதும் என்ற மனநிலையில் இருப்பார்.

இன்னொன்று இலக்கு. சோப்புக் கம்பெனிப் பிரதிநிதி மாதம் 28ஆம் தேதிக்கு மேல் நம் கடை வாசலில் வந்து நின்று, 'அண்ணாச்சி, பத்துப் பெட்டி எடுத்துக்குங்க, ஸ்கீம் சேர்த்துத் தர்றேன்' என்று கெஞ்சுவதை நாம் பார்க்காததா? அதே கதைதான் அங்கேயும். மாதம் இத்தனை வண்டி விற்றால் வண்டிக்கு இவ்வளவு என்று கம்பெனி அவருக்குக் கழிவு வைத்திருக்கும். இலக்குக்கு இரண்டு வண்டி குறையும்போது அந்த இரண்டு வண்டியை நட்டத்துக்குக்கூட விற்பார், மொத்தத்தில் அவருக்கு லாபம். எனவே மாதத்தின் கடைசி மூன்று நாட்களும், காலாண்டு முடியும் மாதங்களும், குறிப்பாக மார்ச்சும் பேரத்துக்கு நல்ல நாட்கள். 5ஆம் தேதி போய் விலை கேட்டுவிட்டு 29ஆம் தேதி போய்ப் பேசுங்கள். வித்தியாசம் தெரியும்.

நம் ஊர்ப் பக்கத்துக்கே உரிய ஒரு காலமும் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வண்டி எடுப்பதில்லை. ஷோரூமில் ஈ ஓட்டுவார்கள். அட்சய திருதியைக்கும் ஆயுத பூஜைக்கும் வரிசையில் நின்று எடுப்போம், அப்போது ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள். குறைக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? நாள் நட்சத்திரம் பார்ப்பவர்கள் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆடியில் விலை பேசி, முன்பணம் கட்டி, பேசிய விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் வண்டியை எடுங்கள். ஷோரூம்காரருக்கு ஆடிக் கணக்கில் ஒரு புக்கிங், நமக்கு ஆவணியில் பூஜை. ஆனால் இடையில் விலை ஏறினாலும் பேசிய விலைதான் என்ற வரி அந்தச் சீட்டில் இருக்க வேண்டும்.

டிசம்பர் தள்ளுபடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுக் கடைசியில் கிடைக்கும் தள்ளுபடி, அந்த ஆண்டு தயாரான வண்டிக்கு. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் பதிவாகும். பத்து நாள் கழித்து ஜனவரியில் தயாரான வண்டியோடு ஒப்பிட்டால், விற்கப் போகும்போது உங்கள் வண்டி ஒரு வயது மூத்தது. மூன்று நான்கு வருடத்தில் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் தள்ளுபடி பெரிதாக இருந்தால் மட்டும் எடுக்கலாம். ஓடி உழைத்து இரும்பு விலைக்குப் போடும்வரை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்கள் தாராளமாக வாங்கலாம்.

ஒரு விலை அல்ல, ஏழெட்டு விலை

'ஆன்ரோடு விலை இவ்வளவு' என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். அதை ஒருபோதும் ஒரே தொகையாகப் பேசக் கூடாது. மொத்தத்தில் பத்தாயிரம் குறைத்துவிட்டுச் சேர்மானங்களில் பதினைந்தாயிரம் ஏற்றிவிடுவது அங்கே சாதாரணம். நாமே பருப்பில் குறைத்து மிளகாயில் எடுப்பதில்லையா! சீட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுக் கேட்க வேண்டும்.

ஷோரூம் விலை ஒரு வரி. சாலை வரி, பதிவுக் கட்டணம் இரண்டும் அரசுக்குப் போவது, அதில் பேரம் இல்லை. ஆனால் அரசு ரசீதில் உள்ள தொகையும் சீட்டில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆர்.டி.ஓ. செலவு' என்று மொத்தமாகப் போட்டிருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். ஷோரூம் விலை என்பதே ஷோரூம் வாசல்வரை வண்டி வந்து சேர்ந்த விலைதானே! அதற்கு மேல் எதைக் கையாண்டார்கள்? நம்பர் பிளேட்டுக்குத் தனியாகக் கேட்டாலும் ஏன் என்று கேட்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் உயர் பாதுகாப்பு எண் பலகை புது வண்டியோடு சேர்ந்தே வர வேண்டும் என்பது விதி.

காப்பீட்டில்தான் நம்மவர்கள் அதிகம் விட்டுக் கொடுக்கிறார்கள். சரக்கு வண்டியின் பாலிசியில் இரண்டு பாகம். மூன்றாம் நபருக்கான பிரீமியம் அரசு நிர்ணயிப்பது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அது ஒன்றேதான். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 2007 முதல் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நமக்குத் தெரிந்த ஏஜெண்டிடம் அதே வண்டி, அதே மதிப்புக்கு ஒரு கணக்கு வாங்கிக்கொண்டு போனால் போதும். பெரும்பாலும் ஷோரூம்காரரே அந்தத் தொகைக்கு இறங்கி வந்துவிடுவார். பழைய சரக்கு வண்டிக்கு க்ளெய்ம் எதுவும் வாங்காமல் ஓட்டியிருந்தால், அந்தப் போனஸ் வண்டிக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம்வரை உண்டு. பழைய வண்டியை விற்றதும் காப்பீட்டுக் கம்பெனியில் கடிதம் வாங்கிக்கொண்டால் புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அது கழியும். இதைக் கேட்டு வாங்குபவர் நூற்றுக்குப் பத்துப் பேர் இருந்தால் ஆச்சரியம்.

தார்ப்பாய், சீட் கவர், மேட் எல்லாம் இலவசம் என்று சொன்னால் உருகிவிட வேண்டாம். அந்தப் பொருட்களுக்கு வெளிச் சந்தையில் என்ன விலை என்பது நமக்குத் தெரியாதா? அதைப் பணமாகக் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்கும் பணமும் பில்லில் குறைய வேண்டும். பில்லில் விலை குறைந்தால் அதற்குரிய வரியும் குறையும். தார்ப்பாய் கொடுத்தால் வரி குறையாது.

ரொக்கமா, கடனா?

'முழு ரொக்கம், இப்பவே எண்ணி வைக்கிறேன், என்ன குறைப்பீர்கள்?' என்பது நம் பழைய ஆயுதம். மண்டியில் அது இன்றும் செல்லும். வண்டி ஷோரூமில் மழுங்கிவிட்டது. 2017 ஏப்ரல் முதல் இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வணிகச் சொத்துக்கு ஒரு நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை தேய்மானக் கணக்கிலும் சேராது. அதைவிட முக்கியமானது, கடனில் வாங்கும் வாடிக்கையாளர்மேல் ஷோரூமுக்குப் பைனான்ஸ் கம்பெனியிடமிருந்து கமிஷன் உண்டு. எனவே கடன்காரருக்கு விலை குறைத்து ரொக்கக்காரருக்கு முறுக்கிக்கொள்ளும் விசித்திரத்தை அங்கே பார்க்கலாம். வண்டி விலை முடியும்வரை பணம் எப்படிக் கட்டப் போகிறோம் என்று வாயைத் திறக்காதீர்கள். 'பார்க்கலாம், வீட்டில் பேசிச் சொல்கிறேன்' என்ற ஒரு சொல் போதும்.

விலையில் ஜெயித்துவிட்டு வட்டியில் தோற்றவர்களை நம் கடைவீதியிலேயே பார்க்கிறோம். ஐந்து லட்ச ரூபாய் கடன், நான்கு வருடம். ஒருவர் 8 சதவீத வட்டி என்கிறார், வங்கியில் 11 சதவீதம் என்கிறார்கள். எது குறைவு? அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். முன்னவர் சொல்வது ஃப்ளாட் வட்டி. அதாவது அசல் குறையக் குறைய வட்டி குறையாது. வருடம் நாற்பதாயிரம் வீதம் நான்கு வருடத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் வட்டி, மாதத் தவணை 13,750. வங்கி சொல்வது குறையும் இருப்பின்மேல் வட்டி. தவணை ஏறத்தாழ 12,925 ரூபாய், மொத்த வட்டி ஒரு லட்சத்து இருபதாயிரத்துச் சொச்சம். 8 என்று சொன்னது உண்மையில் 14 சதவீதத்துக்கும் மேல். ஷோரூமில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இருபதாயிரம் குறைத்தவர், இங்கே ஒரு கையெழுத்தில் நாற்பதாயிரத்தைக் கொட்டிவிட்டு வருகிறார். தண்டல் வட்டியின் சூட்சுமம் தெரிந்த நமக்கே இது நடக்கிறது என்பதுதான் வேதனை.

2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி ஒரு விதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தனிநபர் கடனானாலும் சிறுதொழில் கடனானாலும், எல்லாக் கட்டணங்களும் சேர்ந்து உண்மையான வருட வட்டி எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். கே.எஃப்.எஸ். என்று அதற்குப் பெயர். கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று இடத்துத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேச்சுக்கு வேலையே இல்லை. முன்கூட்டிக் கடனை அடைத்தால் என்ன அபராதம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல அறுவடை வருடத்தில் நம்மவர்கள் கடனைச் சீக்கிரம் முடிக்க நினைப்பார்கள்.

வரியும் தேய்மானமும்

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஐந்து லட்ச ரூபாய் அடிப்படை விலையுள்ள வண்டி ஆறு லட்சத்து நாற்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு வந்தது. பலரும் ஐம்பதாயிரம் மிச்சம் என்று மகிழ்ந்தார்கள். அது யாருக்கு மிச்சம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வழக்கமான முறையில் வரி கட்டும் வணிகர், வரியுள்ள சரக்குகளையே விற்பவரானால், சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காருக்குத்தான் அது கிடையாது. அவருக்கு முன்பும் ஐந்து லட்சம்தான், இப்போதும் ஐந்து லட்சம்தான். காம்பொசிஷன் முறையில் இருப்பவருக்கு உள்ளீட்டு வரி இல்லை. அவருக்கு ஐம்பதாயிரமும் முழு மிச்சம். இரண்டுங்கெட்டான் நிலை நம் பலசரக்குக்காரர்களுடையது. வரியில்லாத சில்லறை அரிசி, பருப்பும் விற்கிறோம், வரியுள்ள பாக்கெட் சரக்கும் விற்கிறோம். அப்படியானால் விகிதப்படிதான் கிடைக்கும். ஆடிட்டரிடம் பில்லைக் காட்டிக் கேளுங்கள். எதுவானாலும் பில் கடைப் பெயரிலும் கடை ஜி.எஸ்.டி. எண்ணிலும் இருக்க வேண்டும். மகன் பெயரில் ஆசையாக எடுத்துவிட்டுப் பிறகு ஆடிட்டர் வாசலில் நிற்பதில் பயனில்லை. உள்ளீட்டு வரி எடுத்த தொகைக்குத் தேய்மானம் கேட்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சொந்த வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டிக்குத் தேய்மானம் 15 சதவீதம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். மார்ச் தள்ளுபடிக்கு எடுத்தால் அந்த வருடம் ஏழரை சதவீதம்தான் கிடைக்கும் என்று சிலர் தயங்குகிறார்கள். மீதி ஓடிப் போய்விடாது, அடுத்தடுத்த வருடங்களில் வரும். தள்ளுபடி கையில் நிற்கும் பணம். விற்றுமுதலில் சதவீதம் காட்டி வரி கட்டுபவர்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை.

மலிவு என்றதும் பாயக் கூடாது

2017 மார்ச் கடைசியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பி.எஸ்.3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 29ஆம் தேதி உத்தரவிட்டது. இருந்த இரண்டு நாளில் அள்ளி விட்டார்கள். வாங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள். அந்த ருசியில் 2020 மார்ச்சில் பி.எஸ்.4 வண்டிகளுக்கும் காத்திருந்தார்கள். 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது, ஆர்.டி.ஓ. அலுவலகம் மூடியது. பணம் கட்டிய வண்டி பதிவாகாமல் மாதக் கணக்கில் நின்றது. ஊரடங்குக்கு முன் விற்று, அரசின் வாகன் தளத்தில் ஏற்றப்பட்ட வண்டிகளைப் பதிவு செய்யலாம் என்று ஆகஸ்டில்தான் நீதிமன்றம் அனுமதித்தது. தளத்தில் ஏற்றாமல் விட்ட ஷோரூமில் வாங்கியவர் என்ன செய்வார்? கெடு தேதியை ஒட்டிய தள்ளுபடியில், பதிவு முடிந்த பிறகே மீதிப் பணம் என்று பேசிக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதியதை எடுப்பவர்கள் இரண்டையும் ஒரே பேச்சில் முடிக்கக் கூடாது. முதலில் வெளியில் இரண்டு புரோக்கரிடம் பழைய வண்டியைக் காட்டி விலை தெரிந்துகொண்டு, புது வண்டி விலையை முடித்த பிறகே 'பழையது ஒன்று இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். யாரிடம் கொடுத்தாலும் பெயர் மாற்றம் முடிகிறதா என்று பின்தொடருங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. ஒரு சின்ன வண்டியின் விபத்து வழக்கு, ஒரு கடையையே விழுங்கிவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுபவர்கள் மாட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், மறுபடி விற்றவர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. வண்டி அப்படியல்ல. இலவச சர்வீஸ், வாரண்டி, உதிரிப் பாகம் என்று வருடக் கணக்கில் அதே வாசலுக்குப் போயாக வேண்டும். அடிமாட்டு விலைக்குக் கேட்டு அவரை நட்டப்படுத்தினால், அவர் வேறு இடத்தில் எடுத்துவிடுவார். இரண்டு ஷோரூம் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், இந்த விலைக்குத் தந்தால் இன்றே முன்பணம் என்று சொல்பவருக்குத்தான் மேலாளர் அறைக்கதவு திறக்கும். விற்பனைத் தம்பியிடம் கோபப்பட்டுப் பயனில்லை, குறைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அவரும் மாதச் சம்பளத்துக்கு நிற்பவர்.

நம் சங்கத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஒரே கடைவீதியில் நான்கு பேர் ஒரே வருடத்தில் தனித்தனியாகப் போய், நான்கு விலைக்கு ஒரே மாதிரி வண்டியை எடுக்கிறோம். நான்கு வண்டிக்கும் சேர்த்து ஒரே நாளில், அதுவும் மாதக் கடைசியில் போய் உட்கார்ந்தால், ஷோரூம்காரருக்கு அது ஒரு மாத இலக்கின் பாதி. மொத்தக் கொள்முதலின் பலம் நமக்குத் தெரியாததல்ல. அடுத்த ஆடிக்குள் வண்டி எடுக்க எண்ணம் உள்ளவர்கள் என்ன வண்டி, எத்தனை எடைக்கு என்பதை எழுதிச் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்து வைக்கலாம். நான்கு பெயர் சேர்ந்தால், இரண்டு மூன்று ஷோரூம்களில் எழுத்து மூலம் விலை கேட்கும் பொறுப்பை நாம் எடுத்துக்கொள்கிறோம்.